குரலைச் சுவரில் காட்டிய டப்பா பாய்

மனிதர்கள் பேசுவதைக் காதால் கேட்காமல் கண்ணால் பார்த்த ஒரே ஆள் எங்கள் ஜில்லாவில் டப்பா பாய்தான். ஜில்லா என்ன, ஒகேனக்கல்லில் பரிசல் ஏறி அக்கரைக்குப் போய்த் தேடினாலும் இன்னொருவர் அகப்படமாட்டார். அவருடைய உண்மையான பெயர் அவர் மனைவிக்குத் தெரிந்திருக்கலாம். எங்களுக்குத் தெரியாது. தருமபுரி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருந்த அவருடைய மைக் செட் கடைக்குப் பெயர்ப்பலகையும் கிடையாது. "டப்பா பாய் கடை எதுங்க?" என்று கேட்டால், "எந்த எடத்துல காது அடைக்குதோ அங்க நில்லுங்க" என்பார்கள்.

நான் அப்போது கல்லூரி விடுதியில் இருந்தேன். பாப்பிரெட்டிப்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்திலிருந்து, எங்கள் வீட்டில் முதல்முதலாகப் பேனா பிடித்தவன் என்கிற பயத்தோடு வந்தவன். யார் எதைச் சொன்னாலும் நம்புவேன். நம்புவதோடு நிற்காமல் நோட்டிலும் எழுதிவைத்துக்கொள்வேன். அதனாலேயே பாய்க்கு என்னைப் பிடித்துப்போயிற்று.

அவருடைய வித்தை இதுதான். ஒரு பவுடர் டப்பாவின் இரண்டு பக்கத்தையும் வெட்டி எடுத்துவிடுவார். ஒரு வாயில் பலூன் ரப்பரை இழுத்துக் கட்டி, அதன்மேல் சுண்டுவிரல் நகமளவு கண்ணாடிச் சில்லு ஒன்றை ஒட்டுவார். இன்னொரு வாயை ஸ்பீக்கர்மேல் கவிழ்த்துவிட்டு, சில்லின்மேல் போகஸ் லைட்டை அடிப்பார். ஸ்பீக்கரில் குரல் வந்தால் ரப்பர் அதிரும், சில்லு துள்ளும், எதிரே கட்டிய வெள்ளை வேட்டியில் வெளிச்சம் வளையம் வளையமாகச் சுழன்று ஆடும். பாட்டுக்கு ஒரு ஆட்டம், பேச்சுக்கு ஒரு ஆட்டம், இருமலுக்குத் தனி ஆட்டம்.

சில்லு கிடைப்பதற்காக அவர் உடைத்த கண்ணாடிகளுக்குக் கணக்கில்லை. "எங்க வூட்ல மொகம் பாக்கணும்னா பொம்மிடிக்குப் போயி, ரயிலு நிக்கிறப்ப ஜன்னல்ல பாத்தாத்தான் உண்டு" என்று கடைக்குப் பின்னாலேயே இருந்த வீட்டிலிருந்து அவர் மனைவி சொல்வார்.

"ஒவ்வொரு மனுசன் கொரலுக்கும் ஒரு உருவம் இருக்குது தம்பி" என்பார் பாய். "கறிக்கடைக்காரரு கொரலு வடை. எதிர்வூட்டு மேஸ்திரியோடது ஜிலேபி."

"என்னோடது பாய்?"

பேசச் சொல்லிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"முறுக்கு. இன்னும் வேகல."

பாய்க்கு வாழ்க்கையில் இருந்தது ஒரே ஆசை. ஒரு பெரிய மேடை, பின்னால் முழு அகலத்துக்கு வெள்ளைத் திரை, முன்னால் நிறைய ஜனம். அதில் அந்த வெளிச்சம் தடையில்லாமல் கடைசிவரை ஆடுவதை ஒருதடவை கண்ணாரப் பார்த்துவிட வேண்டும். "ஒரே ஒரு தடவ பாத்துட்டா போதும் தம்பி, அப்புறம் கல்யாணத்துக்கு ரிக்கார்டு போட்டுக்கிட்டே காலத்தை ஓட்டிடுவேன்" என்பார்.

அந்த ஒரு தடவைதான் அமையவே இல்லை. காரணம், எங்கள் ஜனங்கள். திரையில் விழும் வெளிச்சத்தின் அளவை, குரலுக்குப் போட்ட மார்க்காக எடுத்துக்கொண்டார்கள்.

பொம்மிடிப் பக்கம் ஒரு கூத்து. துரியோதனன் வேஷக்காரர் கர்ஜித்தபடியே அரங்குக்கு வந்தார். வேட்டியில் எலுமிச்சம்பழம் அளவு வெளிச்சம் லேசாக நடுங்கியது. அடுத்து கூத்தின் கோமாளியான கட்டியக்காரன் வந்து, "ஏனுங்கோ ராசா" என்று கீச்சுக்குரலில் ஒரு வார்த்தைதான் சொன்னான். வேட்டி கொள்ளாமல் பூ விரிந்தது. ஜனம் கைதட்டியது. துரியோதனன் கிரீடத்தைக் கழற்றிக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார்.

"அஸ்தினாபுரம் எனக்கா, இவனுக்கா? மொதல்ல அதைச் சொல்லுங்க. அப்புறந்தான் கூத்து."

"ராசா, கோவிச்சுக்காதீங்க. அவரு மைக்குக்குப் பக்கத்துல நின்னாரு, நீங்க தள்ளி நின்னீங்க. அவ்ளோதான்" என்றார் பாய்.

"அப்பிடியா?" என்று மைக்கைக் கடித்துவிடுகிற தூரத்துக்கு வந்து துரியோதனன் ஒரு கர்ஜனை விட்டார். ரப்பர் வெடித்துவிட்டது. அத்தோடு டப்பாவைத் தூக்கி வெளியே வைத்தார்கள்.

அடுத்தது ஒரு கட்சிக் கூட்டம். எந்தக் கட்சி என்று கேட்காதீர்கள். தலைவர் பேசப் பேச வெளிச்சம் புழு மாதிரி நெளிந்தது. நடுவில் மைக் தன்பாட்டுக்குக் "கூ..." என்று ஊளையிட்டது. அவ்வளவுதான், வேட்டி முழுக்க ஒரு தேரே எழுந்து நின்றது. கூட்டம் எழுந்து கைதட்டியது. "தலைவரே, நீங்க செத்த சும்மா இருங்க, அது பேசட்டும்!" என்று ஒருவர் கத்தினார். கட்சிக்காரர்கள் அந்த வேட்டியை அவிழ்த்து, அதிலேயே டப்பாவையும் லைட்டையும் மூட்டையாகக் கட்டி, பாயின் தலையில் ஏற்றி அனுப்பிவைத்தார்கள்.

அதற்கப்புறம் அவரை யாரும் கூப்பிடவில்லை. கூப்பிட்டது நான்தான். அதுவும் வேறு வழியில்லாமல்.

விடுதி நாள் விழாவுக்கு நான் செயலாளர். விழா வைத்த நாள் முகூர்த்த நாளாகப் போயிற்று. தருமபுரியிலிருந்த மைக் செட்டெல்லாம் கல்யாண வீடுகளுக்குப் போய்விட்டன. மிச்சமிருந்தது டப்பா பாய் ஒருவர்தான். விடுதிக் காப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார்.

"மைக் மட்டும் வரட்டும். சுவத்துல வெளிச்சம் கிளிச்சம் ஆடுச்சுன்னு வை, அடுத்த பஸ்ல உன் பெட்டியும் நீயும் பாப்பிரெட்டிப்பட்டி போயிடணும். புரியுதா?"

புரிந்தது. ஊரில் ஆடுகள் எனக்காகத்தான் காத்திருந்தன. விழாவன்று மைக் கட்ட வந்த பாயிடம் அதை அப்படியே சொன்னேன். மேடையையும், அதன் பின்னால் முழு அகலத்துக்குக் கட்டியிருந்த வெள்ளைத் திரையையும் அவர் ஒருமுறை ஏக்கமாகப் பார்த்தார். பிறகு என் தோளில் தட்டினார்.

"பயப்படாத தம்பி. உன் படிப்பைவிடப் பெருசா எனக்கு வேடிக்கை? லைட்டு போடமாட்டேன்."

சாயங்காலம் நாலு மணிக்கு விழா. ஓர் உயர் அதிகாரி தலைமை விருந்தினர். வரவேற்புரை என்னுடையது. பத்து நாள் மனப்பாடம் செய்தது. "பெருமதிப்பிற்குரிய" என்று ஆரம்பித்தேன். "உரிய" வருவதற்குள் கரண்ட் போய்விட்டது.

இருநூறு மாணவர்கள் ஒரே மூச்சில் விசிலடித்தால் எப்படியிருக்கும் என்பதை அன்றுதான் தெரிந்துகொண்டேன். கூரைத் தகடே கிறீச்சிட்டது. நான் வாயை அசைத்தேன், என் குரல் எனக்கே கேட்கவில்லை. அதிகாரி கைக்கடிகாரத்தைப் பார்த்தார். காப்பாளர் என்னைப் பார்த்தார்.

மேடை ஓரத்து ஜன்னல் வழியாக மேற்கு வெயில் ஒரு பாளமாக உள்ளே விழுந்துகொண்டிருந்தது. பாய் பையிலிருந்து டப்பாவை எடுத்தார்.

"பாய்! லைட்டு போடமாட்டேன்னு சொன்னீங்களே!"

"லைட்டு எங்க இருக்குது? கரண்டே இல்ல. இது வெயிலு. வாயைத் திற, பேசு!"

சில்லு வெயிலைப் பார்க்க, திறந்த வாய் என்னைப் பார்க்க, டப்பாவை நீட்டிப் பிடித்தார். எப்படியும் பஸ் ஏறத்தான் போகிறோம் என்று நானும் "பெருமதிப்பிற்குரிய" என்று உயிரை விட்டுக் கத்தினேன். பின்னாலிருந்த திரையில் ஒரு பொன்வளையம் எழுந்து, இரண்டாகி, நாலாகி, சுழன்று விரிந்தது.

முன்வரிசை வாயைப் பிளந்தது. பின்வரிசை விசிலடித்தது. அந்த விசிலுக்கும் டப்பா அதிர்ந்து, வளையம் கிழிந்த நூலாகிப் போயிற்று.

"டேய், கத்தாதீங்கடா, கலையுது!" என்றான் ஒருவன்.

"செத்த சும்மா இருங்கடா! அவன் பேசுனாத்தான் நல்லா ஆடுது!"

ஒருவனை ஒருவன் அடக்கி, அரை நிமிஷத்தில் அந்தக் கூடம் பரீட்சை ஹால் மாதிரி ஆகிவிட்டது. மைக் இல்லாமலே என் குரல் கடைசி பெஞ்சுவரை போயிற்று. கூட்டத்தைப் பார்க்காமல் டப்பாவைப் பார்த்தே பேசியதால் எனக்கு நடுக்கமும் இல்லை. மனப்பாடம் செய்ததை ஒரு வரி விடாமல் சொல்லி முடித்தேன்.

அதற்கப்புறம் அதிகாரி, எழுதிவந்த தாளை மடித்து வைத்துவிட்டு டப்பாவுக்கு எதிரே வந்து நின்றார். பிறகு பாடுகிறவர்கள், பிறகு மிமிக்ரி. வெயில் நகர நகர பாயும் ஜன்னலோரமாக அங்குலம் அங்குலமாக நகர்ந்துகொண்டே இருந்தார். கடைசியில் காப்பாளர் நன்றியுரை. இரண்டு வார்த்தையில் முடிக்கிறவர், தலையைத் திருப்பித் திருப்பித் தன்னுடைய வெளிச்சத்தைப் பார்த்துக்கொண்டே கால்மணி நேரம் பேசினார். என் பெட்டியைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

கூட்டம் கலைந்தது. நான் பாயிடம் ஓடினேன்.

"ஆசைப்பட்ட மாதிரியே கடைசிவரைக்கும் ஆடுச்சே பாய்! பாத்தீங்களா?"

கையை உதறிக்கொண்டே சிரித்தார். "எங்க தம்பி பாத்தேன்? சில்லு வெயில விட்டு நகந்துடக் கூடாதேன்னு ஜன்னலையே பாத்துக்கிட்டு நின்னுட்டேன். திரை முதுகுக்குப் பின்னாலல்ல இருந்துச்சு? நல்லா இருந்துச்சா?"

ஜன்னலில் இன்னும் ஒரு விரல்கடை வெயில் பாக்கி இருந்தது. அவர் கையிலிருந்து டப்பாவை வாங்கி வெயிலுக்கு நேராகப் பிடித்தேன்.

"இப்பிடி நின்னு, கண்ணை மட்டும் திரைப் பக்கம் வையுங்க. பேசுங்க பாய்."

"நான் என்னத்தப் பேசுறது? பெரியவங்க பேசுற எடம்."

"எதையாச்சும் பேசுங்க."

தொப்பியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்தார். ஆயிரம் மேடையில் மற்றவர்களுக்காக அவர் பேசிக்கொடுத்த பேச்சு ஒன்றே ஒன்றுதான்.

"ஹலோ... மைக் டெஸ்டிங். ஒன்... டூ... த்ரீ."

காலி நாற்காலிகளுக்கு முன்னால், திரை முழுக்க அது விரிந்தது. பாய் வாயைப் பிளந்து நின்றார். மறுபடியும் சொன்னார். மறுபடியும், மறுபடியும் சொன்னார். வெயில் தீர்கிறவரை நான் கையை அசைக்கவே இல்லை.