எட்டாவது பாட்டுக்கு முன்னால் கேட்பது என் குரல்தான்

அன்பு மைத்துனனுக்கு,

அத்தான் எழுதுவது. நானும் உன் அக்காவும் உடம்பளவில் சௌக்கியம்; மனதளவில் அவள் மட்டும் சௌக்கியம். அங்கே நீயும் உன் மனைவியும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இந்தக் கடிதத்தைப் படித்து முடித்த பிறகும் அப்படியே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். இதைப் போனில் சொல்லியிருக்கலாமே என்பாய். போனில் நீ குறுக்கே பேசுவாய். கடிதத்தில் கடைசி வரை நான்தான் பேசுவேன்.

வியாழக்கிழமை வருவதாகச் சொல்லியிருக்கிறாய். "கச்சேரி ஆல்பம் வாங்கிட்டேன் அத்தான், இன்னும் பிரிக்கவே இல்ல. நாம ரெண்டு பேரும் ஒண்ணா உக்காந்துதான் முதல் தடவை கேக்கணும்" என்றாய். நீ அதைப் பிரிப்பதற்குள் இந்தக் கடிதம் உன் கைக்கு வந்துவிட வேண்டும்.

இருபத்தாறு வருடங்களுக்கு முன்னால் நம் அபிமானப் பாட்டு ஜோடி நெட்டையும் குட்டையும் மேடையிலேயே சண்டை போட்டுப் பிரிந்தார்களே, அன்று கூட்டத்தில் நாமும் நின்றோம். நெட்டை கிட்டாரைக் கழற்றித் தரையில் வைத்தார். குட்டை மவுத்தார்கனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு எதிர்ப்பக்கமாக இறங்கினார். பஸ் நிறுத்தத்தில் மழையில் நனைந்தபடி நீ என் கையைப் பிடித்துக்கொண்டு, "இவங்க என்னைக்காவது ஒண்ணு சேந்தா, நாம சேந்துதான் போகணும் அத்தான். ஒருத்தர விட்டுட்டு ஒருத்தர் போகக் கூடாது" என்றாய். நான் சத்தியமே செய்தேன்.

மாப்பிள்ளை, அவர்கள் மறுபடி சேர்ந்து பாடிய அந்தக் கச்சேரிக்கு, உன்னை விட்டுவிட்டு நான் போனேன்.

நடந்தது இதுதான். டிக்கெட் விற்பனை ஆரம்பித்த பதினோராவது நிமிடத்தில் எல்லாம் தீர்ந்துபோனது. அதற்குள் என் மகள் போனிலேயே இரண்டு டிக்கெட் பிடித்துவிட்டாள். "ஒண்ணு அப்பாவுக்கு, ஒண்ணு மாமாவுக்கு" என்றாள். பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்த உன் அக்கா தலை நிமிராமல், "நல்லாப் போயிட்டு வாங்க, எனக்கென்ன" என்றாள். இதன் பொருளை ஓர் உதாரணத்தால் விளக்குகிறேன். பரீட்சை நேரத்தில் தலைமையாசிரியர், "தாராளமா லீவு எடுத்துக்குங்க, எனக்கென்ன" என்றால், எந்த ஆசிரியனாவது எடுத்திருக்கிறானா? நானும் எடுக்கவில்லை; உன் டிக்கெட் உன் அக்காவுக்குப் போனது. உனக்குப் போன் போட்டு, "டிக்கெட் கிடைக்கல மாப்பிள்ளை" என்றேன். "விடுங்க அத்தான், நீங்க இல்லாம நான் மட்டும் போயி என்ன செய்யப்போறேன்" என்றாய். அந்தப் பெருந்தன்மை இன்றும் என்னை முள்ளாகக் குத்துகிறது.

போனதோடு விட்டேனா? அதுவும் இல்லை. மூவாயிரம் பேர் அரங்கில். முதல் ஏழு பாட்டுக்கு நெட்டையும் குட்டையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவே இல்லை; சண்டை போட்ட இரண்டு பையன்களை ஒரே பெஞ்சில் உட்கார வைத்ததுபோல் ஆளுக்கொரு திசை பார்த்துப் பாடினார்கள். எட்டாவது, நமக்குப் பிடித்த படகுப் பாட்டு. விளக்குகளைக் குறைத்தார்கள். குட்டை மவுத்தார்கனை உதட்டருகே கொண்டுபோனார். அப்போது பார்த்து மேலே பால்கனியில் ஒருவன் தன் பக்கத்தில் இருந்தவருக்கு அந்தப் பாட்டின் வரலாற்றை உரக்கச் சொல்ல ஆரம்பித்தான். எந்த வருடம் எழுதியது, யார் வீட்டு மாடியில் எழுதியது, எல்லாம். இடம் பொருள் ஏவல் தெரியாத ஜென்மம். ஓய்வு பெற்று நாலு வருடம் ஆன என் தொண்டை என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது. எழுந்து நின்று, "மேல யாரது பேசுறது? எந்திரி! மத்தவங்கல்லாம் கையக் கட்டு, வாய மூடு!" என்று கத்திவிட்டேன்.

மூவாயிரம் பேரும் கப்சிப். உன் அக்கா சீட்டுக்கு அடியில் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்தவள், நிமிரவில்லை. மேடையில் நெட்டை கிட்டாரை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார். குட்டையும் கட்டிக்கொண்டார். அன்று முதல் முறையாக இருவரும் திரும்பி ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். அப்புறம் பாடினார்கள் பார், அப்படி ஒரு பாட்டை நான் கேட்டதில்லை. நீ பக்கத்தில் இல்லையே என்று அழுதேன். அழுதது நிஜம்.

ஆனால் அந்த நிமிடத்தை அப்படியே ஆல்பத்தில் வைத்திருக்கிறார்கள். பின்னட்டையில், 'இடையில் ஒலிக்கும் குரல்: யாரோ ஒரு வாத்தியார்' என்று அச்சிட்டுமிருக்கிறார்கள். முடிவெட்டப் போனேன்; அங்கே அந்தப் பாட்டு ஓடியது. "தலைய நேரா வைங்க சார்" என்றார் முடிவெட்டுபவர். "வச்சுட்டுத்தானே இருக்கேன்" என்றேன். கத்தரியை நிறுத்தி ஸ்பீக்கரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு தானே கையைக் கட்டிக்கொண்டார். முன்பின் அறியாதவரே இப்படி என்றால், நீ முதல் சொல்லிலேயே பிடித்துவிடுவாய்.

அதனால் ஒரு திட்டம் போட்டேன். வியாழக்கிழமை எட்டாவது பாட்டு வரும்போது கரண்ட் போக வேண்டும். நேற்று ஒத்திகை. உன் அக்காவைப் பாட்டுப்பெட்டி அருகே உட்கார வைத்துவிட்டு, நான் கீழே மீட்டர் அறைக்குப் போய் நம் வீட்டு மெயினை இழுத்தேன். நான் இழுத்தது நம் வீட்டு மெயின் அல்ல, கட்டடம் முழுமைக்குமான மெயின். கீழ்த்தளத்துப் பல் டாக்டர் பாதிப் பல்லில் இருந்தார். வாயில் பஞ்சோடு நோயாளி வெளியே வந்து என்னைத் திட்டினார். பஞ்சு இருந்ததால் ஒரு வார்த்தையும் புரியவில்லை, கருத்து மட்டும் புரிந்தது. மேலே வந்தால் உன் அக்கா, "ஒரு பொய்யக் காப்பாத்த ஊரையே இருட்டாக்குவீங்களா? இன்னைக்கே என் தம்பிக்கு எழுதிடுங்க. இல்லன்னா நானே சொல்லிடுவேன்" என்றாள். டிக்கெட்டில் பாதி அவளுடையது என்று நான் நினைவூட்டவில்லை. உயிர் மேல் ஆசை.

ஆகவே எழுதிவிட்டேன். நான் வாக்குத் தவறியவன். நீயோ எனக்காக வீட்டிலேயே உட்கார்ந்திருந்தவன். வியாழக்கிழமை வா, எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. வராமல் மட்டும் இருந்துவிடாதே. அவர்கள் இருவரும் இருபத்தாறு வருடம் பேசாமல் இருந்தார்கள். நமக்கு அவ்வளவு வயது மிச்சமில்லை.

உன் மனைவிக்கு என் அன்பு. பிள்ளைகள் படிப்பிலும் குணத்திலும் உயர என் ஆசிகள்.

தலைகுனிந்து,
உன் அத்தான்

பின்குறிப்பு: உறையை ஒட்டப்போகும் நேரத்தில் தபால்காரர் உன் கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனார். படித்தேன். உன் அலுவலக நண்பர் கொடுத்த டிக்கெட்டில் நீயும் உன் மனைவியும் அதே கச்சேரிக்கு வந்திருக்கிறீர்கள். பால்கனி. அவளுக்குப் படகுப் பாட்டின் வரலாற்றைச் சொல்லிக்கொண்டிருந்தது நீ. பத்தாம் வகுப்புக் கணக்குக்கு உன்னை நிற்க வைத்தே பாடம் சொன்னேன் அல்லவா, அந்தப் பழக்கத்தில் என் குரல் கேட்டதும் எழுந்துவிட்டாயாம். யாருடைய குரல் என்பது நின்ற பிறகுதான் உறைத்ததாம். நான் வேறெதுவும் சொல்லாததால் பாட்டு முடியும் வரை நின்றுகொண்டே கேட்டாயாம். ஆல்பத்தை ஒன்றாகக் கேட்கலாம் என்றது எட்டாவது பாட்டில் என் முகத்தைப் பார்க்கத்தானாம்; நீயும் சொல்லாமல் போனது உறுத்தியதால் முந்திக்கொண்டு எழுதிவிட்டாயாம். மேலே நான் கேட்ட மன்னிப்பு முழுவதையும் வாபஸ் வாங்குகிறேன். 'ஜென்மம்' என்று எழுதியதை மட்டும் வாங்கவில்லை. நீ இப்போது உட்காரலாம்.