வால்யூமைக் குறைங்க!

இந்த வீட்டில் இனி என் மச்சானுக்கு இடம் கிடையாது என்று ஒரு திங்கட்கிழமை காலை, பல் தேய்த்துக்கொண்டே முடிவெடுத்தேன்.

பதற வேண்டாம். மச்சான் எங்களோடு இல்லை. வேறு ஊரில் சௌக்கியமாக இருக்கிறார். இங்கே இருந்தது அவருடைய கல்யாண வீடியோ. அது பரண் மேல் கிடந்தால் நான் வாயே திறந்திருக்க மாட்டேன். டிவிக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பெட்டி வைத்திருக்கிறோம். நாலு டிஸ்க் போட்ட ஸ்டோரேஜ் சர்வர். அதில் சரிபாதியை அடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது அந்தக் கல்யாணம்.

பெட்டியை வாங்கியவன் நான். ஆபீஸில் இதுதான் என் பிழைப்பு. அலமாரியைத் தட்டுத் தட்டாகத் தடுப்பதுபோல டிஸ்க்குகளை வால்யூம் வால்யூமாகப் பிரிப்பேன். வேண்டாததை அழிப்பேன், வேண்டியதை இழுத்துப் பெரிதாக்குவேன். அங்கே நான் வைத்ததுதான் சட்டம். வீட்டிலும் அப்படியே நடந்திருக்கும். ஆனால் முதல் நாளே பெட்டி ஒரு கேள்வி கேட்டது: 'அட்மின் யார்?' நான் மனைவியைப் பார்த்தேன். "இதுல என்ன சந்தேகம்?" என்றாள். அன்றிலிருந்து பாஸ்வேர்ட் அவளிடம்.

மொத்தம் இரண்டே வால்யூம். ஒன்றின் பெயர் 'மச்சான்'. மூன்று கேமரா வைத்து எடுத்த கல்யாணம் அது. மூன்றாவது கேமராக்காரன் மண்டபத்து மின்விசிறி சுற்றுவதை மட்டும் அரை மணி நேரம் எடுத்திருக்கிறான். வீட்டுக்கு யார் வந்தாலும் உட்காரவைத்து இதைப் போட்டுக் காட்டுவாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவர்கூடத் தப்பவில்லை.

இன்னொன்று 'சங்கீதம்'. என்னுடைய சங்கீதம். கல்யாணமான நாளிலிருந்து நான் பாடப் பாட வீடியோவாக எடுத்துச் சேர்த்தது. நான் வாயைத் திறந்தாலே உள்ளேயிருந்து "வால்யூமைக் குறைங்க!" என்று ஒரு குரல் வரும். அதுவும் எல்லாப் பாட்டிலும் பதிவாகியிருக்கிறது, பக்க வாத்தியம் மாதிரி. போன ஞாயிற்றுக்கிழமை உச்ச ஸ்தாயியில் ஓர் இழு இழுத்தேன் பாருங்கள், சரியாக அந்த இடத்தில் 'இடம் இல்லை' என்று பெட்டி நின்றுவிட்டது. மனைவி வந்து பெட்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுப் போனாள்.

ஆக, திட்டம் இதுதான். ஒழுங்குபடுத்துகிறேன் பேர்வழி என்று 'மச்சானை' அழிக்க வேண்டும். அந்த இடத்தைச் 'சங்கீத'த்தோடு சேர்க்க வேண்டும். கடைசியில், "ஐயையோ, டிஸ்க் போயிடுச்சே!" என்று கன்னத்தில் கை வைத்துக்கொள்ள வேண்டும். ஒத்திகைகூடப் பார்த்துவிட்டேன்.

அதற்கு முன் ஒரு விஷயம். எங்கள் வீட்டில் 'சர்க்கரை' என்று எழுதிய டப்பாவில் சோப்புத் தூள் இருக்கும். 'சோப்புத் தூள்' டப்பாவில் சர்க்கரை இருக்கும். டாக்டர் என்னைச் சர்க்கரையைக் குறைக்கச் சொன்ன நாளில் வந்த ஏற்பாடு. தெரியாமல் ஒரு ஸ்பூன் அள்ளி வாயில் போட்டுக்கொண்டேன். சாயங்காலம் வரைக்கும் பேசினால் நுரை வந்தது. அப்போதே எனக்குப் புத்தி வந்திருக்க வேண்டும்.

"ஏம்மா, சனிக்கிழமை பெட்டியைக் கொஞ்சம் ஒழுங்குபடுத்தலாம்னு இருக்கேன்."

அவள் கையிலிருந்த கரண்டி அப்படியே நின்றது.

"யாரு, நீங்களா?"

"நான்தான்."

"யாரும் சொல்லாம? நீங்களா?"

"ஏன், நான் செய்யக்கூடாதா?"

"தாராளமா செய்யுங்க. துணி மடிங்கன்னா மட்டும் முதுகு பிடிச்சுக்குது."

"வால்யூமைக் குறைக்கணும்மா."

"அப்பாடா! இத்தனை வருஷமா நானும் அதைத்தானே கத்தறேன்."

"அந்த வால்யூம் இல்ல. டிஸ்க் வால்யூம்."

"அதானே பார்த்தேன்."

"ஆமா, உங்கண்ணன்கிட்ட அந்தக் கல்யாண வீடியோ இன்னொரு காப்பி இருக்கா?" போகிற போக்கில் கேட்பதுபோலத்தான் கேட்டேன்.

"அவர் கம்ப்யூட்டர் கெட்டுப்போய் எல்லாம் போயிடுச்சே. உலகத்துலயே நம்மகிட்டதான் இருக்கு. ஏன் கேக்கறீங்க?"

"சும்மா."

"சும்மாவா?"

"சும்மாதான்."

அந்த வாரம் பூராவும் பெட்டியின் பச்சை விளக்கு விடாமல் சிமிட்டிக்கொண்டிருந்தது. என்னைப் பார்த்துக் கண்ணடிக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை வந்தது. சந்தோஷத்தில் குளியலறையில் மூன்று பாட்டுப் பாடினேன். ஆச்சரியம், யாரும் வால்யூமைக் குறைக்கச் சொல்லவில்லை. தலை துவட்டிக்கொண்டு வந்து டிவி முன்னால் உட்கார்ந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து துணி மடித்தாள்.

"எதை அழிக்கப் போறீங்க?"

"'மச்சான்'னு இருக்கே, அதை அழிச்சிட்டுச் சின்னதா மறுபடி போடணும். காப்பியெல்லாம் பத்திரமா எடுத்துட்டேன்." துளிகூட எடுக்கவில்லை.

"எதுக்கும் உள்ள திறந்து ஒரு தடவை பார்த்துடுங்களேன்."

பார்த்திருக்கலாம். ஆபீஸில் நேற்றுச் சேர்ந்தவன்கூடப் பார்ப்பான். ஆனால் அந்தக் கல்யாணத்தை இன்னொரு தடவை பார்க்கும் தெம்பு எனக்கில்லை.

"வேண்டாம்மா. பேர்தான் போட்டிருக்கே."

"பேரை வெச்சு எதையும் முடிவு பண்ணலாமா?"

"நான் வெச்ச பேரு! எனக்குத் தெரியாதா?"

"சரி, உங்க இஷ்டம். அந்தப் பக்கம் திரும்புங்க."

வழக்கப்படி சுவரைப் பார்த்துக்கொண்டேன். அவள் பாஸ்வேர்ட் போட்டாள். அழிக்க வேண்டிய வால்யூமின் பெயரைத் தட்டச் சொன்னது பெட்டி. ம... ச்... சா... ன். ஒவ்வோர் எழுத்தையும் ருசித்துத் தட்டினேன். பெட்டி ஒரு பெருமூச்சு விட்டது. முடிந்தது.

"ஐயையோ!" கன்னத்தில் கை வைத்தேன். "டிஸ்க் போயிடுச்சே! காப்பியும் சேர்ந்து போயிடுச்சே! உங்கண்ணன் கல்யாணம்... ஐயையோ!"

"போயிடுச்சா?"

"மொத்தமா போயிடுச்சும்மா."

"அடடா. போனது போகட்டும், மனசைத் தேத்திக்குங்க. உங்க பாட்டு ஒண்ணு போட்டுக் கேளுங்க."

என்ன பெருந்தன்மை! எனக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. 'சங்கீத'த்தைத் திறந்து முதல் பாட்டைப் போட்டேன். திரையில் மச்சான் பளபளக்கும் கோட்டோடு வந்து கையசைத்தார். சட்டென்று அடுத்ததைப் போட்டேன். மின்விசிறி சுற்றியது.

"என்ன இது?"

"சோப்புத் தூள்," என்றாள் அவள்.

"என்னது?"

"நீங்க குளிக்கப் போனப்ப பேரை மாத்தி வெச்சேன். நீங்க மூணு பாட்டு பாடினீங்க. எனக்கு ஒரு பல்லவியே போதுமா இருந்துச்சு."

"அப்ப நான் அழிச்சது?"

"சர்க்கரை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. இது ஒத்திகை பார்த்த அழுகை இல்லை. பாழாய்ப்போன குரலோ என்னவோ, நான் ஆசைப்பட்டுச் செய்தது அது ஒன்றுதான். அத்தனை பாட்டும் என் கையாலேயே போயிற்று. துண்டால் முகத்தை மூடிக்கொண்டேன்.

"அய்ய, எதுக்கு இப்ப அழறீங்க? காப்பி எடுக்காம அழிக்கறதுக்கு நான் என்ன ஆபீஸ்லயா வேலை பாக்கறேன்?" எழுந்து போய் 'உப்பு' டப்பாவிலிருந்து ஒரு சின்ன டிஸ்க்கை எடுத்து வந்தாள். "வாரம் பூரா ஓடவிட்டு ரெண்டையும் இதுல எடுத்துட்டேன்."

காலிலேயே விழுந்திருப்பேன். முதுகுதான் வளையவில்லை.

"ஆனா ஒண்ணு. எல்லாத்துக்கும் 'கல்யாணம்'னுதான் பேரு. எதுல கல்யாணம், எதுல பாட்டுன்னு போட்டுப் பார்த்தாத்தான் தெரியும்."

"ஆரம்பத்தை மட்டும் பார்த்தாப் போதாதா?"

"போதாது. சில பாட்டைக் கல்யாணத்துக்கு நடுவுல ஒட்டியிருக்கேன்."

மடித்த துணிகளை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். நான் டிஸ்க்கைச் சொருகினேன். மச்சான் வந்தார். கையசைத்தார். கண் பட்ட பாடு போதும், காதாவது பிழைக்கட்டும் என்று சத்தத்தை அடியோடு இறக்கினேன்.

"என்னங்க," உள்ளேயிருந்து குரல் வந்தது, "வால்யூமைக் கொஞ்சம் கூட்டி வைங்க!"