நிக்கலைக் காணவில்லை

குற்றச்சாட்டு வருமாறு: 2018 நவம்பர் 14, புதன்கிழமை, காலைக் காப்பி வேளையில், சுவீடனின் உப்சாலா நகரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில், கட்டைவிரல் அகலமுள்ள நிக்கல் வில்லை ஒன்று பலர் பார்த்திருக்கும்போதே காணாமற் போக்கப்பட்டது. போக்கியவர் திருடர் அல்லர். ‘எதிர்பார்த்தவர்’ என்னும் இனத்தைச் சேர்ந்தவர்.

இந்த இனத்தை நீங்கள் அறிவீர்கள், வாசகரே. மழை பெய்தால் அதைத்தான் எதிர்பார்த்ததாகச் சொல்வார். பெய்யாவிட்டால் அதை இன்னும் உறுதியாக எதிர்பார்த்ததாகச் சொல்வார். கூரையே பறந்து போனாலும் கூரையின் குணம் தமக்கு முன்பே தெரியும் என்பார். முன்கூட்டி மட்டும் வாய் திறக்கமாட்டார். திறந்தால் மாட்டிக்கொள்ள நேருமே!

உப்சாலாவின் எதிர்பார்த்தவருக்குப் பெயர் பெர்த்தில்; ஆய்வுக் குழுவின் தலைவர். குழுவின் தொழில் எளியது. உலோகத்தின் மேல் எக்ஸ் கதிரைப் பாய்ச்சினால் எலக்ட்ரான்கள் தெறித்து வெளியேறும். அவற்றின் ஆற்றலை அளந்து வரைந்தால், ஒவ்வோர் உலோகமும் தாளில் தனக்கே உரிய முகட்டை எழுப்பித் தன் பெயரைச் சொல்லும். நிக்கலின் மேல் ஒரே ஓர் அணுத் தடிமனில் பொன் பூசி, அந்த மெல்லிய பொன் கட்டிப் பொன்னிலிருந்து எவ்வளவு வேறுபட்டு நடந்துகொள்கிறது என்று பார்ப்பதே அவர்கள் வேலை. பூசுகிறவர் குன்வோர். அளக்கிறவரும் குன்வோரே, அவர் பல் மருத்துவரிடம் போயிருந்த அந்தச் செவ்வாய்க்கிழமை நீங்கலாக. அன்று பெர்த்தில் தாமே அளந்தார்.

மறுநாள் காப்பி மேசையில் தாளை விரித்தார்.

“பாத்தீங்களா? ஒரு அணு அடுக்கு, ஆனா அச்சு அசல் கட்டிப் பொன் மாதிரியே நடக்குது! இதத்தான் நான் எதிர்பார்த்தேன்.”

குன்வோர் தாளை இருமுறை பார்த்தார். “பெர்த்தில், நிக்கல் எங்க? அதோட முகட்டையே காணோமே?”

“பொன்னு அவ்வளவு அடர்த்தியா உக்காந்திருக்கு. நிக்கல முழுசா மறைச்சிடுச்சு.”

“ஒரே அடுக்குப்பா அது! ரொட்டில வெண்ணெய் தடவினா ரொட்டியே இல்லாமப் போயிடுமா?”

“அதுதான் கண்டுபிடிப்பே. வெள்ளிக்கிழமை இதழுக்குக் கட்டுரை போகுது. உன் பேரு ரெண்டாவதா இருக்கு.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களை நாம் கண்டிருக்கிறோம். ஒரே ஒரு சோற்றுப் பருக்கையைக் கொண்டு பூசணிக்காயை மறைத்தவர் பெர்த்தில் ஒருவரே.

“மறுபடி அளக்கணும். இல்லன்னா என் பேர எடுத்துடு” என்றார் குன்வோர்.

மற்றவர்கள் காப்பிக் கோப்பைக்குள் குனிந்தார்கள். அங்கே தலைவரையும் பெயர் சொல்லி ‘நீ’ என்றே அழைப்பார்கள்; எல்லோரும் சமம்; சமமானவர்களோடு காப்பி வேளையில் சண்டை போடுவது எப்படி? குழுவில் இருபுறமும் தலையாட்டவே பிறந்த ரூனே, “நாளைக்கு எல்லாருமா ஒரு தடவை பாத்துடலாமே, யாருக்கும் மனக்கஷ்டம் இல்லாம” என்றார்.

வியாழனன்று பார்த்தார்கள். வில்லையைத் தாங்கும் கருவிக் கையில், வில்லையை ஒட்டி, கட்டிப் பொன்னாலான பட்டை ஒன்று எப்போதும் மாட்டியிருக்கும். கருவி சரியாக அளக்கிறதா என்று சோதிக்க அது. கை, செவ்வாயன்று பெர்த்தில் நிறுத்திய இடத்திலேயே இருந்தது. கதிர் விழுந்த இடம் வில்லையன்று, பட்டை. கட்டிப் பொன் கட்டிப் பொன்னைப் போலவே நடந்துகொண்டதுதான் அந்த மாபெரும் கண்டுபிடிப்பு! குன்வோர் கையை ஒரு விரல் நகர்த்தினார். நிக்கல் தன் முகட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்தது.

பெர்த்தில் தடுமாறினாரா? இந்த இனம் தடுமாறாது.

“இதத்தான் எதிர்பார்த்தேன். அன்னிக்குக் கருவியச் சோதிக்கத்தான் பட்டைல வச்சேன்.”

“அப்ப கட்டுரை?”

“உங்க கவனத்தச் சோதிக்க. அது கிடக்கட்டும், பட்டைய இவ்வளவு நெருக்கமா மாட்டினது யாரு?”

“நான்தான்.”

“அப்ப கேக்கு உன்னோடது.”

இங்கேதான் குன்வோரின் முகம் சிவந்தது. அந்தக் கூடத்தின் எழுதாச் சட்டம் இது: பிழை செய்தவர் வெள்ளிக்கிழமை மர்சிபான் என்னும் பச்சை நிறப் பாதாம் பசை போர்த்திய கேக்கை வாங்கி வரவேண்டும். வெற்றிடக் கலத்துக்குள் தவறிக் காற்றை விட்டவர், கம்பியைக் கருக்கியவர் எல்லோரும் வாங்கினார்கள். கேக் வைத்தவர் பிழையை ஒப்புக்கொண்டவர். பெர்த்திலின் கேக்கை மட்டும் எவரும் தின்றதில்லை. கட்டுரையிலிருந்து தப்பிய குன்வோரின் பெயர் இப்போது கேக்கில் மாட்டிக்கொண்டது.

வெள்ளிக்கிழமை குன்வோர் கேக்குத் தட்டை இரு கைகளிலும் ஏந்தி வந்து பெர்த்திலின் முன் வைத்தார். பக்கத்தில் கத்தி. தட்டு காலி.

“கேக்கு எங்க?” என்றார் ரூனே.

“இருக்கு ரூனே. தட்டு ரொம்ப அடர்த்தியா உக்காந்து முழுசா மறைச்சிடுச்சு. பெர்த்தில் விளக்குவான்.”

இருபுறமும் ஆடும் ரூனேயின் தலை அன்று ஆடவில்லை; குலுங்கியது, சிரிப்பில். மேசை முழுவதும் சிரித்தது. பெர்த்தில் காலித் தட்டைத் தள்ளிவைத்தார். பிறகு கோட்டை மாட்டிக்கொண்டு, “நான் இத எதிர்பார்த்தேன்” என்று முணுமுணுத்தபடி பேக்கரிப் பக்கம் நடந்தார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள், வாசகரே. நல்லது. சாம்பாரில் உப்பில்லாத அன்று, “எல்லாருக்கும் பிரஷர் வரக்கூடாதுன்னுதான் போடல” என்றது யார்? வழி தவறிய அன்று, “இந்தப் பக்கம் காத்து நல்லாருக்கும்னுதான் திருப்பினேன்” என்றது யார்? இத்தகைய முடிவை முன்பே எதிர்பார்த்தேன் என்று இப்போது மனத்துக்குள் சொல்லிக்கொண்டிருப்பது யார், நீங்கள்தானே?

ஆம் அல்லது இல்லை என்ற பதிலைக் கையொப்பத்துடன் எழுத்து மூலம் அனுப்பவும். விளக்கங்கள் ஏற்கப்படமாட்டா.