என் புல்வெளியில் நிற்கும் நீலப் பலகை

அன்புள்ள தங்கை மார்லிஸுக்கு, அண்ணன் ஹார்லன் எழுதிக்கொள்வது.

இங்கே ஒரு கண் நலம். மற்றொரு கண்ணில் புரை எடுக்க ஜனவரியில் தேதி கொடுத்திருக்கிறார்கள். உன் நலத்தையும், உன் பூனையின் நலத்தையும், மேடிசன் நகரத்தில் உன்னைப் போலவே யோசிக்கிற எல்லோருடைய நலத்தையும் அறிய ஆவல். கடைசியில் சொன்னதைக் குத்தலாக எடுத்துக்கொள்ளாதே. எழுதியாகிவிட்டது, அடித்தால் தாள் அசிங்கமாகிவிடும்.

உன் அட்டை செவ்வாய்க்கிழமை வந்தது. இரண்டு வருடம் கழித்து உன் கையெழுத்து. ஒரு கண்ணில் மூடி, இன்னொரு கண்ணில் புரை, அதனால் சார்லீனின் காப்பிக்கடைக்கு எடுத்துப் போய் அவளிடமே கொடுத்துப் படிக்கச் சொன்னேன். அவளுக்கு மெதுவாகப் பேச வராது என்பது உனக்குத் தெரியுமே. "அண்ணா, ஊர்க்காரங்க முகநூல்ல போட்ட படத்தைப் பார்த்தேன். உன் வீட்டு முன்னாடி எங்க கட்சியோட நீலப் பலகை. நம்பவே முடியலை, அழுதுட்டேன். நன்றி சொல்ற நாள் விருந்துக்கு வரேன். பூசணிப் பலகாரம் நான் கொண்டு வரேன்" என்று அவள் படிக்க, கடை முழுக்கக் கேட்டது. போன தடவை விருந்தில் நீ டிவியை அணைக்க, நான் போட, நீ அணைக்க, ரிமோட் குழம்புக் கிண்ணத்தில் விழ, பாதிச் சாப்பாட்டில் எழுந்து போனாயே, அன்றைக்கு அந்தப் பலகாரத்தையும் தட்டோடு தூக்கிக்கொண்டுதான் போனாய். அது திரும்பி வருகிறது என்றால் நீயும் உண்மையாகவே வருகிறாய் என்று புரிந்தது. உன் அண்ணி டோரீன் இறந்துபோன பிறகு அந்த மேசையில் நான் தனியாகத்தான் சாப்பிடுகிறேன். சந்தோஷமாக இருந்தது, மார்லிஸ். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

ஆனால் பலகை வந்த கதையை நீ தெரிந்துகொள்ள வேண்டும். அறுவைச் சிகிச்சைக்கு மறுநாள் வாசல் மணி அடித்தது. போய்த் திறந்தால் ஒரு பெண் குரல், "புல்வெளி ஓரமா ஒண்ணு நட்டுக்கலாமா, ஹார்லன்? உங்களது மூலை வீடு, வர்றவங்க போறவங்க எல்லாருக்கும் தெரியும்" என்கிறது. கண்ணிலிருந்து மருந்து கன்னத்தில் வழிந்துகொண்டிருக்கிறது. வாசலில் வந்து நின்று கேட்பவரிடம் மாட்டேன் என்று சொல்ல நம் விஸ்கான்சின்காரனுக்கு என்றைக்கு வாய் வந்திருக்கிறது? "ஓ, தாராளமா" என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டேன். ஏதோ மரக்கன்று என்று நினைத்தேன். நல்ல மனுஷி, மரம் நடுகிறாள் என்றுகூட நினைத்தேன்.

அதற்கப்புறம் ஒருநாள் காலையில் கடைக்குப் போனால், சமையலறைப் பக்கத்து மேசையில், நாற்பது வருஷமாக நான் உட்காருகிற நாற்காலியில், ஆர்வில் தன் தொப்பியை வைத்திருக்கிறான். என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கூட்டிவந்த அதே ஆர்வில்தான். "தொப்பியை எடுடா" என்றேன். "ஆள் வருது" என்றான். யார் வருகிறார்கள் என்று கேட்டால் சுற்றி வளைத்து விஷயத்துக்கு வந்தான். "உன் வீட்டு முன்னாடி நீலப் பலகை நிக்குது. நம்ம நிறம் சிவப்புங்கிறதை டாக்டர் மருந்து விட்டு மறக்கடிச்சுட்டாரா?" "நான் பார்க்கலையேடா." "ஊரே பார்த்துடுச்சு. நீ ஒருத்தன்தான் பார்க்கலையாக்கும்." யார் காப்பிக்குக் காசு கொடுப்பது என்று பகடை உருட்டும் குவளை மேசையைச் சுற்றி வந்தது, என்னைத் தாண்டிப் போயிற்று. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. எனக்கு எப்போதும் மோசமான எண்ணிக்கைதான் விழும், பாதி நாள் காசு கொடுப்பது நான்தான், அதைக்கூட வேண்டாம் என்கிறார்கள். "வியாழக்கிழமை கண் டாக்டர்கிட்ட நீதானே கூட்டிட்டுப் போறே?" என்று கேட்டேன். "வேலை இருக்கு" என்றான். அவன் ஓய்வு பெற்று எத்தனையோ காலம் ஆகிறது.

நடுக்கடையில் நின்றுகொண்டிருந்தேன். உன் கட்சிக்காரர்கள் கூடும் ஜன்னல் ஓரத்து மேசையிலிருந்து லோயிஸ், அதுதான் நூலகத்தில் இருந்தாளே, அவள் கூப்பிட்டாள். "இங்க வாங்க ஹார்லன், இடம் இருக்கு. இந்த ஊர்ல இப்படி ஒரு பலகை வைக்க எவ்வளவு தைரியம் வேணும்." இல்லை, எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்ல வாயைத் திறந்தேன், அதற்குள் ஒரு துண்டு எலுமிச்சைக் கேக் முன்னால் வந்துவிட்டது. கேக்கைச் சாப்பிட்டுக்கொண்டு மறுப்பது மரியாதையாகப் படவில்லை. வியாழக்கிழமை கண் டாக்டரிடம் கூட்டிப்போனதும் அவள்தான். அந்த ஒரு வாரம் ஜன்னல் மேசையில் உட்கார்ந்தேன். முதல் நாள் லோயிஸ் ரகசியம் மாதிரி குனிந்து சொன்னாள்: "அவங்க ஒரே சேனலைத்தான் பார்ப்பாங்க. வேற எதையும் காதுல வாங்கவே மாட்டாங்க. நாம அப்படியில்லை, எல்லாத்தையும் கேட்டுத்தான் முடிவுக்கு வருவோம்." மார்லிஸ், ஆர்வில் வாராவாரம் சொல்வது இதேதான், வார்த்தை மாறாமல். அடுத்த நாள், எதிர்க்கட்சிக்காரன் ராத்திரியில் பலகைகளைப் பிடுங்கப் போய் நாய் விரட்டி ஒற்றைச் செருப்போடு ஓடிய கதை. அதுவும் எனக்குத் தெரியும். "அந்த மேசையிலயும் இதைச் சொல்வாங்க, ஆனா ஓடுறவன் வேற கட்சி" என்று சொல்லிவிட்டேன். லோயிஸ் என் கையைத் தட்டிக்கொடுத்து, "அவங்க சொல்றது கட்டுக்கதை, ஹார்லன். இது நடந்தது" என்றாள். எல்லோரும் நல்லவர்கள். கேக்கும் நல்ல கேக். ஆனால் கண்ணில் மூடியோடு அந்தக் கடையில் வளைய வருகிறேன், கண் எப்படி இருக்கிறது என்று இரண்டு மேசையிலும் ஒரு ஆள் கேட்கவில்லை. கேட்டது சார்லீன் ஒருத்திதான், அவளும் காப்பி ஊற்றிக்கொண்டே கேட்டாள்.

நான் ஏன் வெளியே போய்ப் பலகையைப் பார்க்கவில்லை என்று கேட்பாய். காற்றில் நிற்கக் கூடாது, குனியக் கூடாது என்பது டாக்டர் உத்தரவு. வீட்டுப் பக்கம் அதன் முதுகுதான் தெரிகிறது, முதுகும் நீலம், கடைக்குப் போக வரப் பார்த்தாலும் புரைக் கண்ணுக்கு எழுத்து தெரியாது. அதற்கு மேல், ஊரே பார்த்துச் சொன்ன பிறகு நான் வேறு எதற்குப் பார்க்க வேண்டும் என்று இருந்துவிட்டேன்.

இவ்வளவும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். பலகை அங்கேயே நிற்கட்டும். நான் நட்டதில்லை, என் கட்சியும் இல்லை. ஆனால் ஒரு பலகைக்காக நீ இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வருவாய் என்றால் இந்தப் புல்வெளி பூராவும் நீலமாகட்டும். ஆர்வில் பேசாவிட்டால் போகிறான். மான் வேட்டை தொடங்கிவிட்டால், மான் என்று ஆளைச் சுட்டுவிடாமலிருக்க ஊரே ஆரஞ்சுச் சட்டைதான் போட வேண்டும், அந்த ஒரு வாரமாவது யார் எந்தக் கட்சி என்று தெரியாமல் நிம்மதியாக இருக்கலாம்.

உனக்கும் பூனைக்கும் கர்த்தர் நல்ல சுகத்தைத் தரட்டும். பனிக்கு முன்னால் டயரை மாற்றிக்கொள். டோரீன் இருந்தால் சொல்லச் சொல்லியிருப்பாள், அதனால் அவள் சார்பிலும் அன்பு.

இப்படிக்கு, உன் அண்ணன்,
ஹார்லன்

பி.கு.: கடிதத்தை உறையில் போடுவதற்குள் டாக்டர் மூடியை எடுத்துவிட்டார், குனியலாம் என்றும் சொல்லிவிட்டார். உலகம் இவ்வளவு பளிச்சென்று இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. நேரே பலகையிடம் போய்க் குனிந்து படித்தேன். நீலத்தில் வெள்ளை எழுத்து: "லுத்தரன் சபை, வெள்ளிக்கிழமை மீன் வறுவல் விருந்து. எல்லோரும் வாருங்கள்." கீழே ஒரு மீன் படம். அவ்வளவுதான். ஊரில் ஒருவரும் வண்டியை நிறுத்திப் படிக்கவில்லை, நிறமே அவர்களுக்குப் போதுமாக இருந்திருக்கிறது. அந்த விருந்துக்கு வருஷா வருஷம் மீன் வறுக்கிறவனே ஆர்வில்தான். லோயிஸ் டிக்கெட் கிழிப்பவள். போய்ச் சொன்னேன். ஆர்வில் என் நாற்காலியிலிருந்து தொப்பியை எடுத்தான்.

உன்னிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். ஆனால் நீ சின்ன வயதிலேயே சோப்பு உறையைக்கூட விடாமல் படிப்பவள். வண்டியை விட்டு இறங்கியதும் முதலில் அதைத்தான் படிப்பாய். அதனால் முன்னாலேயே சொல்லிவிடுகிறேன்: நான் இன்னும் சிவப்புதான், மார்லிஸ். நீ அழுதது ஒரு மீன் பலகையைப் பார்த்து. இதற்கு மேல் வருவதும் வராததும் உன் இஷ்டம். விருந்து வான்கோழிக்கு முன்கூட்டியே கடையில் சொல்லப் போகவேண்டும். இரண்டு பேருக்கு ஒரு முழு வான்கோழியா என்று கடைக்காரன் சிரிப்பான். ஒருவருக்கு என்று சொன்னால் சிரிக்க மாட்டான்.