மூப்பர் தலையில் எங்கள் வீடு

வீடு சின்னதாக இருப்பதில் வெட்கமில்லை. ஆனால் "இந்தச் சாமானைக் கொஞ்சம் வைச்சிருங்கோ" என்று பக்கத்து வீட்டில் கேட்க வாய் வராதவன் சின்ன வீட்டில் இருக்கக் கூடாது. நான் இருந்தேன்.

தாழ்வுபாடு என்ற கடற்கரை ஊரில் எங்கள் வீடு ஒரு அறை, பின்னால் சமைக்க ஓலைக் குசினி. நானும் பெண்சாதி பிலோமினாவும் இரண்டு பிள்ளைகளும். அதோடு வலை, மிதப்பு, கருவாட்டுச் சாக்கு, பாய், துணி மூட்டை, சட்டி பானை. ஒருவர் உள்ளே வந்தால் ஒருவர் வெளியே போக வேண்டும். (பிள்ளைகள் சாக்குக்கு மேலால் ஏறிப் போவார்கள். பழகிவிட்டது.)

செபமாலை மாதத்தில் கோவிலிலிருந்து மாதா சுருவம், மாதாவின் சிலை, வீடு வீடாக வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு. சனம் அங்கே கூடிச் செபமாலை சொல்லும். யாருக்கு எந்த நாள் என்று கோவில் மூப்பர்தான் எழுதுவார். நாங்கள் கலியாணம் முடித்து ஆறு வருசம். ஆறு வருசமும் மாதா எங்களைத் தாண்டிப் போனா.

பிலோமினா போய்க் கேட்டாள். மூப்பர் சொன்னார்: "கோவிக்காத பிள்ளை. உன்ர வீட்டில மாதாவை எங்க வைக்கிறது? கருவாட்டுச் சாக்குக்கு மேலயோ?"

அவள் வீட்டுக்கு வந்து அதை அப்படியே சொன்னாள். இரண்டு நாள் கறியில் உப்பில்லை.

மூன்றாம் நாள் நான் போனேன். "இந்த முறை எழுதுங்கோ மூப்பர். இடத்துக்கு நான் பொறுப்பு." அவர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு எழுதினார்.

பிலோமினா சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தாள். மேசைக்கு வெள்ளைத் துணி தைத்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"இஞ்சருங்கோ, சாமானை ஒரு நாளைக்குப் பெரியத்தான் வீட்டில வைப்பம். அவையின்ர முன் விறாந்தை சும்மாதானே கிடக்கு."

பெரியத்தான் என்றது என் அண்ணனை. எங்களுக்கு நடுவில் ஒரு வேலி. அதை அவன் ஒரு முழம் தள்ளிப் போட்டான் என்று நான் சொல்ல, நான்தான் தள்ளினேன் என்று அவன் சொல்ல, இரண்டு வருசமாகப் பேச்சில்லை.

"அவன்ர வீட்டில என்ர கரண்டியும் வைக்கமாட்டன்."

"நான் போய்க் கேக்கிறன். நீங்கள் வர வேண்டாம்."

"நீயும் கேக்கப்படாது. நான் பாத்துக்கொள்ளுறன்."

முற்றத்தில் வைக்கலாம் என்றால் மழைக் காலம். நான் யோசித்தேன். நாலு ஆளும் வலையும் மீனும் ஒரு வள்ளத்துக்குள் அடங்குகிறது. எனக்கா இடம் பிடிக்கத் தெரியாது? கீழேதான் இடமில்லை. கூரைக்குக் கீழே எவ்வளவு கிடக்கிறது!

அன்று காலை பழைய வலை ஒன்றை விரித்தேன். சாமானெல்லாம் நடுவில். நாலு மூலையும் சேர்த்து ஒரு கயிறு. அதைக் கூரை மரத்துக்கு மேலால் போட்டு, நானும் என் கூட்டாளி இருதயமும் இழுத்தோம். வீடு மேலே போனது. கயிற்றை யன்னல் கம்பியில் கட்டினேன். கடலில் கட்டுகிற கட்டு. எந்தப் பாரமும் தாங்கும். நுனியை ஒருக்கால் இழுத்தால் அவிழும். கடலில் அது உயிரைக் காக்கும். வேறு கட்டு என் கைக்கு வராது.

"விழாதோ?" என்றாள் பிலோமினா.

"உந்த வலையில சுறா நிண்டது."

கீழால் ஒரு வெள்ளைச் சீலை பிடித்துக் கட்டினோம். கலியாண வீட்டில் வெள்ளை கட்டினது போல இருந்தது. கடைசியில் மூலையில் அடைக்கோழி ஒன்று ஓலைக் கடகப் பெட்டியில் இருந்தது. அதையும் முட்டையோடு மேலே செருகினேன். (பிலோமினாவுக்குச் சொல்லவில்லை. சொல்ல நேரமில்லை.)

பின்னேரம் சுருவம் வந்தது. அறை நிறையச் சனம். மூப்பர் வாசலில் நின்று, "அட, இவ்வளவு இடமும் எங்க கிடந்தது?" என்றார். பிலோமினா தலையைக் குனிந்து சிரித்தாள். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது.

செபமாலை முடிந்து மன்றாட்டுமாலை தொடங்கியது. "எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்" என்று நாங்கள் சொல்ல, மேலே கோழியும் சொன்னது. மூப்பர் கூரையைப் பார்த்தார். பிலோமினா என்னைப் பார்த்தாள். நான் மாதாவைப் பார்த்தேன்.

மூப்பருக்கு முழங்கால் நோ. நடுவில் ஒருக்கால் எழும்பப் பார்த்தார். பிடிக்க ஏதாவது வேண்டும். பக்கத்தில் என் கயிற்று நுனி தொங்கியது. நான் கண்டேன். "பிடிக்காதேங்கோ" என்று கத்த வேண்டும். செபத்துக்கு நடுவில் எப்படிக் கத்துவது என்று யோசித்தேன். யோசித்து முடியமுன் அவர் பிடித்துவிட்டார்.

கயிறு மரத்தில் உரசி வந்ததால் மேலே போன வீடு மெல்லத்தான் விழுந்தது. (மெல்ல என்றால், தேங்காய் விழுகிற மாதிரி.) மூப்பரும் ஐந்து பெண்களும் வலைக்குள். கருவாடு எல்லாப் பக்கமும். கோழி மூப்பரின் தோளில். முட்டை எங்கே போனது என்று நான் எழுதமாட்டேன். வாசலில் நின்ற இருதயம், "மச்சான், இண்டைக்கு நல்ல மீன்பாடு" என்றான். சனம் சிரிக்கத் தொடங்கியது.

துணி மூட்டையும் அவிழ்ந்தது. பிலோமினா ஒருவர் கண்ணிலும் படாமல் வைத்திருந்த கந்தலெல்லாம், ஒட்டுப்போட்ட பாவாடை, கிழிந்த சட்டை, ஊர் முன்னால் கிடந்தது. அவள் அதைப் பார்க்கவில்லை. மாதாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றாள். சருவச்சட்டி அவளின் நெற்றியில் விழுந்தது. சுருவத்தில் ஒரு கீறல் இல்லை.

சத்தத்துக்கு அண்ணன் வேலியைப் பிய்த்துக்கொண்டு ஓடிவந்தான். என்னோடு பேசவில்லை. வலையை வெட்டி மூப்பரை எடுத்துவிட்டான். பிறகு பிலோமினாவிடம், "மாதாவை எங்கட வீட்ட கொண்டு வா பிள்ளை. மிச்சத்தை விறாந்தையில சொல்லுவம்" என்றான். அவள் நெற்றியில் இரத்தத்தோடு சுருவத்தைத் தூக்கிக்கொண்டு அவன் வேலியில் பிய்த்த பொட்டுக்குள்ளால் போனாள். சனமும் பின்னால் போனது.

நான் கருவாடு பொறுக்கினேன். அங்கே மன்றாட்டு கேட்டது. இங்கே இருந்தே மறுமொழி சொன்னேன்.

அடுத்த வருசம் எங்கள் நாளையும் அண்ணன் வீட்டிலேயே வைக்கச் சொல்லி அவளே போய் மூப்பரிடம் சொன்னாள். என்னைக் கேட்கவில்லை. அன்றைக்கு நான் வேலியடியில் நின்றேன். அண்ணன் கண்டான். "உள்ள வாடா. மேல ஒண்டும் கட்டேல்லை." எல்லோரும் சிரித்தார்கள். நான் போனேன்.

இப்போது யாரையும் வீட்டுக்குள் கூப்பிடுவதென்றால் எங்கள் ஆட்கள் அப்படித்தான் கூப்பிடுவார்கள். மருமகன் முதல் நாள் வந்தபோதும், "வாங்கோ, மேல ஒண்டும் கட்டேல்லை" என்றார்கள். பாவம், அவர் நெடுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீடும் இப்போது பெரிது. மூன்று அறை, இரண்டு அலுமாரி. போன வருசம் பிலோமினாவிடம் கேட்டேன்: "இந்த முறை மாதாவை இஞ்ச வைப்பமோ?"

"ஓம் அம்மா, மேல ஒண்டும் கட்டேல்லை" என்றாள் மகள். நானும் மகளும் சிரித்தோம்.

பிலோமினா சிரிக்கவில்லை. "பெரியத்தான் வீட்டிலயே இருக்கட்டும்" என்றாள்.