மச்சான் தலைக்கு நூலகத்தில் இடமில்லை

ஜெபல் அலி தொழிலாளர் கேம்ப், துபாய்,
ஏ பிளாக், ஏசி தண்ணீர் சொட்டும் பக்கம்.

மரியாதைக்குரிய மச்சான் கோபாலசாமி அவர்களுக்கு,

தங்கள் தங்கை கனகாவின் கணவன் என்கிற ஒரே தகுதியில் கார்மேகம் எழுதுவது. இங்கே நான் சுகம். என் சர்க்கரை என்னைவிடச் சுகம். அங்கே தாங்களும் அக்காவும் ஆடு மாடுகளும் நலமாயிருக்க வேண்டுகிறேன். போனில் பேசினால் தாங்கள் என்னை வாய் திறக்க விடமாட்டீர்கள், வாட்ஸ்அப்பில் எழுதினால் நீலக்குறி மட்டும்தான் பதிலாக வரும், அதனால்தான் தன் தங்கை கல்யாணத்துக்கு அவசர லீவில் ஊர் வரும் எங்கள் கேம்ப் வேலுச்சாமியிடம் இந்தக் கடிதத்தைக் கொடுத்தனுப்புகிறேன். உட்கார்ந்து படிக்கவும். பிரஷர் மாத்திரை போட்டுவிட்டுப் படித்தால் இன்னும் உத்தமம்.

விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்களுடைய சிமெண்ட் தலைச் சிலையை எங்கள் கேம்ப் நூலகத்தில் வைக்க முடியாது. முடியாது என்றால் முடியாதுதான். "என் செலய வைக்கலேன்னா தையில ஒம் மக அருணா கல்யாணத்துக்குத் தாய்மாமனா நான் மேடையேற மாட்டேன்"னு கனகாவிடம் சொன்னீர்களாமே, ஏற வேண்டாம். கீழேயே நாற்காலி போடச் சொல்கிறேன். ஃபேனுக்கு நேராகவே போடச் சொல்கிறேன்.

ஏன் முடியாது என்று கேட்பீர்கள். தாங்கள் வார்டு மெம்பராக இருந்தவர், கூட்டத்துக்குப் போகாவிட்டாலும் சபை நடைமுறை என்று ஒன்று இருப்பது காதிலாவது விழுந்திருக்கும். எங்கள் கேம்பிலும் ஒரு பேரவை உண்டு. அறைக்கு ஒரு பிரதிநிதி, லீவு நாளில் மெஸ் ஹாலில் கூடுவோம். சாம்பாரை மேற்பார்வை பார்க்க ஒரு குழு, டிவி ரிமோட்டுக்கு ஒரு குழு, இரண்டுக்கும் லாயக்கில்லாதவர்களைத் தள்ளிவிட நூலகம் மற்றும் பொதுக் கலைக்கான கூட்டுக்குழு. அதற்குத் தலைவர் நான். ஏன் நான் என்றால், தண்ணீர்த் தொட்டிச் சுவரில் மயில் வரைந்தவன் நான்தான். மெஸ்ஸுக்கு வருகிறவன் எல்லாம் அதைப் பார்த்துவிட்டு "இன்னிக்குக் கோழியாண்ணே?" என்று கேட்கிறான், அது வேறு விஷயம். கலை என்றால் நாலு பேர் நாலு விதமாய்ச் சொல்லத்தான் செய்வான்.

இந்தக் குழு போட்ட முதல் சட்டமே, உயிரோடு இருக்கிற யாருடைய படமும் சிலையும் நூலகத்தில் வைக்கக்கூடாது என்பது. ஏ பிளாக்காரன் ஒரு நடிகர் படத்தை மாட்ட, பி பிளாக்காரன் வேறொரு நடிகர் படத்தை அதன் மேலேயே மாட்ட, கட்டில் ஒன்று இரண்டாக உடைந்த நாளில் போட்ட சட்டம். ஆகவே மச்சான், தங்கள் சிலைக்குத் தடையாக இருப்பது தாங்கள் உயிரோடு இருப்பது ஒன்றுதான். நூறு வயசு இருக்க வேண்டும் என்றுதான் நானும் கும்பிடுகிறேன். இரண்டையும் ஒரே நேரத்தில் கேட்டால் நான் என்ன செய்ய?

அதுவாவது போகட்டும், அது வந்து சேர்ந்த விதம் இருக்கிறதே! கனகா தெருத்தெருவாய் ஏறி இறங்கி, கதைப் புத்தகம், சமையல் புத்தகம், மருத்துவப் புத்தகம் என்று பதினெட்டு கிலோ சேர்த்து, பெட்டியில் கட்டி, நாலு பக்கமும் மார்க்கர் பேனாவில் என் பேரை எழுதி, எங்கள் மெஸ் சமையல்காரர் பாலகுரு லீவு முடிந்து கிளம்பும்போது கொடுத்திருக்கிறாள். தாங்கள் வழியனுப்பப் போகிற சாக்கில் அவர் வீட்டுக்குப் போய், அவர் மோர் கொண்டுவர உள்ளே போன நேரத்தில் புத்தகத்தை எல்லாம் வெளியே எடுத்துத் தங்கள் தலையை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறீர்கள். கயிறு கட்டின சாமானை அவிழ்த்துப் பார்ப்பது மரியாதைக் குறைவு என்பதுதானே இந்தப் பக்கம் வருகிற எல்லோருக்கும் பழக்கம்? அந்த மரியாதையைப் பிடித்துக்கொண்டு பாலகுரு திருச்சி ஏர்போர்ட்டில் நின்றிருக்கிறார். எக்ஸ்ரே மிஷினைப் பார்த்த ஆபீசர், "பெட்டிக்குள்ள யாருய்யா?" என்று கேட்டாராம்.

"புத்தகம் சார்."

"புத்தகத்துக்கு மீசை இருக்கே?"

அவிழ்த்தால் தாங்கள். "தலைவரா?" என்று ஆபீசர் கேட்க, "இல்ல சார், மச்சான்" என்று பாலகுரு சொல்ல, "சொந்த மச்சானா?" என்று அவர் கேட்க, "எனக்கில்ல சார், கார்மேகம் அண்ணனுக்கு" என்று இவர் சொல்ல, பின்னால் வரிசையில் நின்ற பிள்ளைகள் எல்லாம் செல்ஃபி எடுத்திருக்கிறார்கள். பாலகுருவுக்கு ஃப்ளைட்டில் கொடுத்த சோறு இறங்கவில்லையாம்.

அவமானத்தில் அவர் பெட்டியை மறுபடி கட்டிக் கொண்டுவந்து, ஒரு வார்த்தை சொல்லாமல் நூலக அறையில் வைத்துவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். அன்றைக்குத்தான் கேம்ப் பாஸ் அறையைப் பார்க்க வருகிறார். புத்தகம் இருந்தால் அறை எங்களுக்கு, இல்லாவிட்டால் பழைய ஏசிகளை அடுக்குகிற ஸ்டோர். நான் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, தலைவர் என்கிற தோரணையில் கயிற்றை அறுத்துத் திறக்கிறேன். தாங்கள் என்னை முறைக்கிறீர்கள். அந்த முறைப்பைக் கல்யாணமான நாளிலிருந்து பார்த்துப் பழகியவன், என்னை அறியாமல் இரண்டடி பின்னால் போய்ப் பாஸ் காலை மிதித்துவிட்டேன்.

"யே கோன் ஹை?" யார் இது என்றார் பாஸ், காலைத் தேய்த்துக்கொண்டே. எங்கள் குழு உறுப்பினர், கேம்ப் வாசலில் மளிகைக்கடை வைத்திருக்கும் அதிராம்பட்டினம் செய்கு முகம்மது பாய், வியாபாரி புத்தி, சட்டென்று "ரைட்டர் பாய்! படா ரைட்டர்!" என்று தங்களைப் பெரிய எழுத்தாளராக்கிவிட்டார். "கிதாப் கிதர்?" புத்தகம் எங்கே என்று பாஸ் கேட்டார். "இனிமேத்தான் எழுதப்போறாரு" என்று பாய் இந்தியில் சொன்னதும் பாஸ் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! "கிதாப் மாஃபி, ரூம் மாஃபி. அடுத்த மாசம் ஏசி உள்ளே. கலாஸ்" என்று, புத்தகம் இல்லை, அறையும் இல்லை, கதை முடிந்தது என்பதை அரபியும் இந்தியுமாகச் சொல்லிவிட்டு நொண்டிக்கொண்டே போய்விட்டார்.

மச்சான், அந்த அறை என்னவென்று தங்களுக்குத் தெரியாது. பன்னிரண்டு மணி நேர டூட்டி முடித்துவந்த மனுஷன், இன்னொருத்தன் கால் முகத்தில் படாமல், இன்னொருத்தன் போன் சத்தம் காதில் விழாமல் உட்கார இந்தக் கேம்பில் இருப்பது அது ஒன்றுதான். அதைத் தாங்கள் அடுத்த எலெக்‌ஷனுக்காக "துபாயில் கோபாலசாமி சிலை திறப்பு" என்று ஃபேஸ்புக்கில் போடும் ஒரே ஒரு போட்டோவுக்காகக் கெடுத்திருக்கிறீர்கள். ஊர் பஸ் ஸ்டாப்பிலேயே வைக்க விடாத தலையை எங்கள் தலையில் கட்டினால் எப்படி? புதிதாக வந்த பையன்கள் தாங்கள் யாரோ பெரிய ஆபீசர் என்று நினைத்து சலாம் வைக்கிறார்கள். ஒருத்தன் சேஃப்டி ஹெல்மெட்டை மாட்டிவிட்டான். சொல்லக்கூடாது, பொருத்தமாகத்தான் இருக்கிறது.

முடிவாகச் சொல்கிறேன். தங்கள் மோட்டார் ரூமில் கிடக்கிற அந்தப் பதினெட்டு கிலோவும் வேலுச்சாமி கையில் வந்தாக வேண்டும். சிலை திரும்பி வரும். மேடைக்குத் தாங்கள் வராவிட்டால் மாமன் சீர்த் தட்டை நானே தூக்குவேன். பெண்ணைப் பெற்றவனே தாய்மாமனாகவும் நின்ற கல்யாணம் என்று ஊர் பேசட்டும். இத்தனை வருஷம் தங்களுக்குப் பயந்த கார்மேகம் ஊரிலேயே இறங்கிவிட்டான், இங்கே இருப்பவன் கூட்டுக்குழுத் தலைவர்.

அக்காவுக்கு என் வணக்கம், பிள்ளைகளுக்கு ஆசி, தங்களுக்கு இவ்வளவுக்குப் பிறகும் குறையாத மரியாதை.

இப்படிக்கு,
வளையாத
கார்மேகம்

பின்குறிப்பு: மேலே எழுதியதைக் கனகாவுக்குப் போனில் முழுசாகப் படித்துக் காட்டினேன். பொறுமையாகக் கேட்டாள். "முடிஞ்சிருச்சா? இப்ப எங்கண்ணனத் தூக்கி நல்ல எடமா பாத்து வைங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். உடனே அவசரக் கூட்டம் போட்டேன். சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று நானே முன்மொழிந்தேன். பாலகுரு எதிர்ப்பார் என்று நினைத்தால், "எம் மகளுக்கும் அடுத்த வருசம் காதுகுத்துண்ணே, எனக்கும் மச்சான் இருக்கான்" என்றார். எல்லோரும் ஆளுக்கொரு மச்சானை நினைத்துக்கொண்டோம். பிறகு செய்கு முகம்மது பாய்தான் கடைத் தராசைத் தூக்கிக்கொண்டு வந்தார். "உங்க கோயில்ல துலாபாரம்னு எடைக்கு எடை குடுப்பீங்கள்ல, அதையே சட்டமாப் போடுங்கண்ணே" என்றார். ஏகமனதாக நிறைவேறியது: தாய்மாமன்கள் உயிரோடு இருந்தாலும் நூலகத்தில் இருக்கலாம், எடைக்கு எடை புதுப் புத்தகம் வந்தால். ஆகவே மேலே உள்ளதை எல்லாம் மறந்துவிடுங்கள், கல்யாணத்துக்கு முதல் ஆளாக வந்து மேடையேறுங்கள். சிலையை ஜன்னல் ஓரமாக வைத்துவிட்டேன், வேட்டியால் மூடியும் வைத்திருக்கிறேன். புத்தகம் வந்ததும் திறப்பு விழா, பிறகுதான் போட்டோ. தங்கள் எடை பதினொன்றரை கிலோ. கனகா சேர்த்த பதினெட்டு இதில் சேராது, அது ஏற்கெனவே எங்கள் சொத்து. வேலுச்சாமி ஊறுகாய்கூட வேண்டாம் என்று முழுப் பெட்டியையும் ஒதுக்கியிருக்கிறான். எடை ரொம்ப அதிகம் என்று எங்கள் மேல் வருத்தப்பட வேண்டாம். பிளாஸ்டரில் செய்கிறேன் என்று சிற்பி சொன்னபோது, "நூறு வருசம் நிக்கணும், சிமெண்டயே ஊத்து" என்றது தாங்கள்தானாம். மீசைக்கு மட்டும் இரண்டு கிலோ வரும் என்பது கூட்டுக்குழுவின் மதிப்பீடு.