விசில் அண்ணனின் பெரு யாத்திரை

பெரு நாட்டுக்குப் போக வேண்டுமானால் விமானம் மாறி விமானம் ஏறி இரண்டு நாளாகும் என்கிறார்கள். விசில் அண்ணன் என்னைச் சுங்குவார்சத்திரத்திலிருந்து ஒரே காலையில் அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார். பாஸ்போர்ட், விசா எதுவும் கேட்கவில்லை. செருப்பை மட்டும் வண்டியிலேயே விடச் சொன்னார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்கும்; நாங்கள் கேட்டதில்லை. ஒரகடம் பக்கம் கம்பெனிகள் மழைக்காளான் போல முளைத்துக்கொண்டிருந்த காலம். அதில் ஒன்றில் நான் டிரெய்னி, அவர் ஷிஃப்ட் வேன் டிரைவர். அதற்கு முன் இருபது வருடம் காஞ்சிபுரத்திலிருந்து கோயில் டூர் வண்டி ஓட்டியவர். வண்டி மாறியதே தவிர மனிதர் மாறவில்லை. கழுத்தில் விசில், கையில் காவிக்கொடி. தலை எண்ணாமல் வண்டியை எடுக்கமாட்டார். ஒருவன் மட்டும் ஏறினாலும் திரும்பிப் பார்த்து, "ஒண்ணு... கரீட்டா கீது, போலாம்" என்பார். கம்பெனி கேட் வந்ததும் விசில் பறக்கும்.

"இந்த ஸ்தலத்தோட விசேஷம் இன்னான்னா, உள்ள போனா எட்டு மணி நேரத்துக்கு வெளிய வர முடியாது. தரிசனம் முடிச்சிக்கினு எல்லாரும் இதே எடத்துக்கு வந்துடணும்!"

பொய் சொல்லமாட்டார். சாமி படம் மாட்டிய வண்டியில் பொய் சொன்னால் பிரேக் பிடிக்காது என்பது அவருடைய சித்தாந்தம்.

இனி என் லட்சணத்துக்கு வருகிறேன். விருதுநகர்ப் பக்கத்திலிருந்து வேலை தேடி வந்தபோது, பயோடேட்டாவில் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழும் ஆங்கிலமும் எழுதினேன். மிச்சம் கொஞ்சம் இடம் காலியாக இருந்தது. கை சும்மா இருக்குமா? ஸ்பானிஷ் என்று எழுதிவிட்டேன். முழுப் பொய் என்றும் சொல்லிவிட முடியாது. முப்பது நாளில் ஸ்பானிஷ் கற்றுத்தரும் நடைபாதைப் புத்தகம் ஒன்றை நான்காம் நாள் வரை படித்திருந்தேன். வணக்கம் சொல்ல வரும், பத்து வரை எண்ண வரும், ரயில் நிலையம் எங்கே என்று கேட்க வரும்.

அந்த ஒரு வரியைப் படித்துவிட்டுத்தான் ரோசா மேடம் வந்தார் என்று எனக்கு இன்றும் சந்தேகம் உண்டு. எங்கள் பம்ப் பாகங்களைச் சோதித்து வாங்குவதற்காகப் பெருவிலிருந்து வந்த இன்ஜினியர். ஐம்பது வயது, கட்டை குட்டையான உருவம், ஓயாத சிரிப்பு. ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்தது மூன்றே சொல்: ஓகே, நாட் ஓகே, ரீவொர்க். மொழிபெயர்ப்பாளனாக என்னை நிறுத்தினார்கள். நான் வணக்கம் சொல்லி, வேறு வழியில்லாமல் ரயில் நிலையம் எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் புதியவரான அவர் ரொம்ப நேரம் சுற்றுமுற்றும் பார்த்தார்.

சாப்பாட்டில்தான் சிக்கல் வந்தது. கறி, மீன், முட்டை தொடமாட்டார். "சைவம்தானே!" என்று கேன்டீன் மாஸ்டர் நெய்ப்பொங்கல் வைத்தார். நாட் ஓகே. தயிர்சாதம் வைத்தார். நாட் ஓகே. பாயசத்தை முகர்ந்து பார்த்துவிட்டு, ரீவொர்க் என்றார். பாலும் நெய்யும்கூட ஆகாது என்று புரிந்ததும் மாஸ்டர் உருகிப்போனார். "மஞ்சக்காமாலை போல கீது, பாவம்" என்று கீழாநெல்லி அரைத்துக் கொடுத்தார். அதை ஒரே மூச்சில் குடித்துவிட்டு மேடம் ஓகே என்றார். மற்றபடி வாழைப்பழத்தில் ஓட்டி, நான்காம் நாள் லைனிலேயே தலைசுற்றி உட்கார்ந்துவிட்டார்.

மானேஜர் என்னைக் கூப்பிட்டார். "ஏம்பா ஸ்பானிஷ்! ஞாயித்துக்கெழமை அந்தம்மாவை வெளிய கூட்டிக்கினு போய், அவங்க ஊர் சாப்பாட்டை வயிறார சாப்பிட வை. என்ன வேணும்னு அவங்க பாஷையிலயே கேளு. உன் கன்ஃபர்மேஷன் லெட்டர் இன்னும் டைப் ஆகலை, ஞாபகம் வச்சிக்கோ."

ஞாயிறு காலை, ரூம்மேட்டின் டையைக் கட்டிக்கொண்டு மேடத்தோடு வேனில் ஏறினேன். விசில் அண்ணன் தலை எண்ணினார். என் மூஞ்சியைப் பார்த்ததும் எண்ணிக்கை இரண்டில் நின்றது.

"தம்பி, நெஜமா சொல்லு. உனுக்கு அந்தப் பாஷை எவ்ளோ தெரியும்?"

"பத்து வரைக்கும் எண்ணத் தெரியும்ணே. மானேஜருக்குத் தெரிஞ்சா என்னைய ஊருக்கு அனுப்பிருவாரு."

"பத்து போதும்பா. இன்னைக்குத் தலை எண்ற வேலை உன்து."

முதல் ஸ்தலம் சுங்குவார்சத்திரம் டீக்கடை. பால் இல்லாமல், துக்க வீட்டில் கொடுப்பதுபோல, மூன்று கடுங்காப்பி கேட்டேன். கடைக்காரர் என் டையையும் முகத்தையும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "யாரு தம்பி தவறிட்டாங்க?" என்றார். ரோசா மேடமோ டம்ளரை வாங்கியதும் முதல் வாய்க் காப்பியைத் தரையில் ஊற்றினார். கடைக்காரர் முகம் சுண்டிவிட்டது. மேடம் மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுக் காட்டினார். விசில் அண்ணனுக்கு உடனே விளங்கிவிட்டது. "காப்பி மேல கொறை இல்லைய்யா. பூமித்தாய்க்கு மொதல்ல குடுத்துட்டுத்தான் இவங்க குடிப்பாங்க" என்றவர், தன் டம்ளரிலிருந்தும் கொஞ்சம் ஊற்றினார். நான் பேன்ட்டில் ஊற்றிக்கொண்டேன்.

அடுத்தது வாலாஜாபாத் காய்கறிக் கடைகள். அங்கேதான் மேடத்துக்கு உயிர் வந்தது. உருளைக்கிழங்கைத் தூக்கி, "பெரு!" என்றார். தக்காளி? பெரு. மிளகாய்? பெரு. சர்க்கரைவள்ளிக்கிழங்கு, மக்காச்சோளம் எல்லாம் பெரு. வேர்க்கடலையையும் அள்ளியபோதுதான் விசில் அண்ணனுக்கு ரோஷம் வந்தது.

"மல்லாட்டை கூடவா? வுட்டா எங்க மச்சானையும் பெருன்னுவாங்க போல கீதே!"

ஆனால் நியாயவான். கொஞ்சம் யோசித்துவிட்டு, இருபது வருடமாக யாரிடமும் கொடுக்காத காவிக்கொடியை மேடத்தின் கையில் கொடுத்தார். "ஸ்தலம் அவங்களுது. இனிமே அவங்கதான் கைடு."

கைடு நோட்டைத் திறந்து படம் போட்டார். பள்ளம் ஒன்று, மேலிருந்து பார்த்தால் எப்படி, பக்கத்திலிருந்து பார்த்தால் எப்படி, அகலம் எவ்வளவு, ஆழம் எவ்வளவு, எத்தனை மில்லிமீட்டர் கூடக் குறைய இருக்கலாம் என்பதுவரை. உள்ளே சூடேற்றிய கல், அதன்மேல் இலை, இலைமேல் கிழங்கு, மறுபடி இலை, கடைசியில் மண். அவர்கள் ஊர் மலைக்காரர்கள் அப்படித்தான் சமைப்பார்களாம். டிராயிங் படிக்க ஸ்பானிஷ் எதற்கு? எனக்கே புரிந்தது. மேடம் கைகாட்டியதையெல்லாம் ஒரு மூட்டை வாங்கி வண்டியில் ஏற்றினோம்.

விசில் அண்ணனின் மச்சானுக்கு ஒரகடம் போகும் வழியில் காலி மனை ஒன்று இருந்தது. ரோட்டு வேலைக்குக் கொட்டிக் கிடந்த கருங்கல்லில் நாலு கூடை எடுத்துத் தீயில் போட்டோம். மண்வெட்டியை நான் பிடித்தேன். மேடம் டேப் வைத்து அளந்து, "ரீவொர்க்" என்றார். மறுபடி வெட்டினேன்.

கிழங்கை அடுக்கி மண் மூடி நிமிர்ந்தால், சுற்றிலும் கூட்டம். தப்பு அவர்கள்மேல் இல்லை. அந்தப் பக்கத்தில் ஒரு வெளிநாட்டுக்காரர், ஒரு டை கட்டியவன், ஒரு கொடி, ஒரு பள்ளம் நான்கும் ஒரே மனையில் தென்பட்டால், புதுக் கம்பெனிக்குப் பூமிபூஜை என்றுதான் அர்த்தம். ஒருவர் தேங்காயும் கற்பூரமுமாக வந்துவிட்டார். இன்னொருவர் மாலையோடு வந்து என் கழுத்தில் போட்டார். பலர் கையில் பயோடேட்டா.

"கம்பெனி இல்லைங்க, உருளைக்கிழங்குங்க" என்று கத்தினேன்.

"சிப்ஸ் கம்பெனியாம்டா!" என்றது கூட்டம்.

அந்த நேரம் பார்த்து மேடம் இளநீரை வாங்கி, முதல் வாயைப் பூமியில் ஊற்றினார். "பூஜை இல்லைன்னியே, இது இன்னா?" என்று ஒரு பெரியவர் என்னைப் பிடித்துக்கொண்டார். இடுப்பில் குழந்தையோடு ஒரு பெண் என் கையில் காகிதத்தைத் திணித்தாள். "பத்தாவது பாஸ் சார். எந்த ஷிஃப்ட்டுன்னாலும் வர்றேன்."

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். எல்லாவற்றிலும் தெரிந்த மொழிகள் என்ற இடத்தில் தமிழ் மட்டுமே இருந்தது. அந்த மனையில் பொய் எழுதி வேலைக்குச் சேர்ந்தவன் நான் ஒருவன்தான். மாலை கழுத்தை அறுத்தது. கழற்றி மண்மேட்டில் வைத்தேன்.

விசில் அண்ணன் விசிலை ஊதினார். "கம்பெனி வரலை. வந்தா நானே வந்து சொல்றேன், என் நாக்குல பொய் வராது. இன்னைக்குக் கெழங்குதான் வந்துகீது. எல்லாரும் வரிசையா குந்துங்க. தம்பி, தலை எண்ணு!"

எண்ணினேன். ஊனோ, தோஸ், த்ரேஸ் என்று பத்து வரை போய், மறுபடி ஊனோவில் ஆரம்பித்து, அப்படி ஐந்து தடவை. ரோசா மேடம் என்னை முதல்முறையாக மரியாதையோடு பார்த்தார். பள்ளத்தைத் திறந்ததும் ஆவி எழும்பியது. ஆளுக்குப் பாதிக் கிழங்கு, மிளகாயும் மல்லாட்டையும் சேர்த்து மேடம் அரைத்த துவையல். அந்தக் குழந்தை இரண்டாம் தடவை கை நீட்டியது. மேடம் தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து, நாலு நாள் பசிக்கும் சேர்த்துச் சாப்பிட்டார். "ஓகே" என்றவரின் கண் கலங்கியிருந்தது. துவையலின் காரமாகவும் இருக்கலாம்.

திங்கட்கிழமை மேடம் சோதனைத் தாளில் கையெழுத்துப் போட்டார். மானேஜர் என்னை நிற்கவைத்துக்கொண்டே விசில் அண்ணனை அழைத்தார். "பொய் சொல்ல மாட்டீங்கன்னு தெரியும். நேத்து இவன் ஸ்பானிஷ் பேசினானா?"

எனக்கு ஊர் பஸ் நிலையம் கண்முன் தெரிந்தது.

"அம்பது பேரை எண்ணினாரு சார், பூரா அந்தப் பாஷையிலயே. ஒரு தலை தப்பலை. அந்தம்மாவே அசந்துட்டாங்க."

அந்த வாரமே லெட்டர் டைப் ஆகிவிட்டது. மறுநாள் வேனில் வெட்கத்தோடு கடைசி சீட்டில் போய் உட்கார்ந்தேன். விசில் அண்ணன் முன்னாலிருந்து எண்ணத் தொடங்கவில்லை. நேராகக் கடைசிவரை நடந்து வந்து, என் தலையில் கைவைத்து, "ஊனோ" என்றார். நான் அந்தக் கம்பெனியில் இருந்தவரை, எந்த சீட்டில் உட்கார்ந்தாலும் எண்ணிக்கை என்னிடமிருந்துதான் தொடங்கியது.

அதற்குப் பிறகு மூன்று கம்பெனி மாறிவிட்டேன். இப்போது கழுத்தில் தொங்கும் அட்டையில் என் எண் ஆறு இலக்கம். விசில் அண்ணனுக்குப் பிறகு என்னை யாரும் முதல் ஆளாக எண்ணியதில்லை.